பாட்டு எடுத்துக் கொடுக்க ஒரு ஆள்

சென்னையில் ஜாஸ் சொல்லிக்கொடுக்கும் இசைக் கல்லூரி ஒன்றின் நுழைவுத் தேர்வில்தான் அவனை முதன்முதலாகப் பார்த்தேன். அப்போது அவன் பியானோவுக்கு அடியில் இருந்தான். தேர்வுக்கு வந்தவன் பியானோவுக்கு முன்னால் அல்லவா இருக்க வேண்டும்? இவன் முட்டிபோட்டுக் குனிந்து, அந்தக் கறுப்புப் பெட்டியின் அடிப்பலகையைத் தடவிக்கொண்டிருந்தான். ஏதாவது விழுந்துவிட்டதா என்று ஆசிரியர் கேட்டார். அவன் தலையை வெளியே எடுத்து, டிரான்ஸ்போஸ் பட்டன் எங்கே சார் என்று ஆங்கிலத்தில் கேட்டான். பிறகு தனக்குள், "சவம், இதுல பட்டனே இல்லியா" என்று முனகினான். என் முறைக்காகக் கதவோரம் நின்ற எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அந்தச் 'சவம்' எங்கள் பக்கத்துச் சவம். நான் கேரள எல்லையோரத்து நெய்யாற்றின்கரைக்காரி. அவன் பாறசாலைக்குக் கிழக்கே என்று பிறகு தெரிந்தது.

அந்தப் பட்டனைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் ஊர் கிறிஸ்தவ ஆலயங்களில் இருக்கும் கீபோர்டுகளில் அது உண்டு. அதை அழுத்தினால் விரல்கள் பழகின அதே வெள்ளைக் கட்டைகளில் ஓடும், சத்தம் மட்டும் சுருதி மாறி மேலேயோ கீழேயோ கேட்கும். பாடுகிறவர் எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும் வாசிக்கிறவன் தன் விரலை மாற்ற வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் கீபோர்டு வாசிக்கிறவர்களில் பலர் ஒரே ஒரு சுருதியைப் படித்துவிட்டு, மீதியைப் பட்டனிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள். பியானோவில் அப்படி ஒன்று கிடையாது என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. பியானோவையே அவன் அன்றுதான் தொட்டான்.

ஆசிரியர் சிரிக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஒரு டிஜிட்டல் பியானோவைக் கொண்டுவரச் சொன்னார். அதில் பட்டன் இருந்தது. அசலூரில் சொந்தக்காரரைக் கண்டவன் போல அவன் முகம் மலர்ந்தது. என்ன வாசிக்கப் போகிறாய் என்று அவர் கேட்டார். நீங்களே சொல்லுங்கள் சார் என்றான். உனக்கு எது பிடிக்குமோ அது என்றார். எதுவானாலும் சரி சார் என்றான். இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில் அவர் சலித்துப்போய்க் கதவோரம் நின்ற என்னைக் கூப்பிட்டு, நீ பாடு, இவன் வாசிக்கட்டும் என்றார்.

நான் பதற்றத்தில், வீட்டில் பழகியதைவிட மேலே எடுத்துவிட்டேன். முதல் வரி முடிவதற்குள் பட்டன் டிக் டிக்கென்று சத்தம் போட்டது, என் குரலுக்குக் கீழே தரை வந்து சேர்ந்தது. அடுத்த வரியில் ஒரு தாளத்தை விழுங்கினேன். அவனும் விழுங்கினான். அதற்கடுத்த வரி மறந்துபோய் லலலா என்று சமாளித்தேன். அந்த லலலாவுக்கும் பொருத்தமாக ஏதோ வாசித்தான். இரண்டு பேரும் எவ்வளவு காலமாகச் சேர்ந்து பயிற்சி செய்கிறீர்கள் என்று ஆசிரியர் கேட்டார். இப்போதுதான் பார்க்கிறோம் என்றதை அவர் நம்பவில்லை. இருவருக்கும் இடம் கிடைத்தது. அவனுக்கு மட்டும் ஒரு நிபந்தனை, பட்டனைத் தொடக் கூடாது. முதல் வாரமே அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டப்பட்டது.

அவனுக்கு இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்பதை ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவன் ஆலயத்துக்குப் போனபோது கண்டுகொண்டேன். பழைய மிஷன் ஆலயம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கம் முடிந்தோ, காணிக்கை எடுக்கும்போதோ, சபையில் சத்தம் ஓய்ந்தால் யாராவது ஒருவர் இருந்த இடத்திலிருந்தே ஒரு கீர்த்தனையைத் தொடங்கிவிடுவார். இதற்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பது என்று பெயர். எடுத்துக் கொடுப்பவர் கீபோர்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஜலதோஷம் பிடித்த ஒரு தாத்தா பாதாளத்தில் ஆரம்பிப்பார். அவர் முடித்த கையோடு ஒரு மாமி ஓட்டுக்கூரையில் ஆரம்பிப்பாள். இரண்டாவது சரணத்தில் சபை மொத்தமும் களைத்துச் சுருதி இறங்கும். அவன் வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையால் பட்டனைத் தட்டிச் சபையோடு சேர்ந்து இறங்குவான். தாங்கள் இறங்கியது சபைக்குத் தெரியாது. தங்கள் பாட்டு வரவர நன்றாகிறது என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சின்ன வயதிலிருந்தே அந்த நாற்காலியில் இருந்தவன் அவன். ஆகவே எதையும் தொடங்குவது தன் வேலையல்ல என்று முடிவு செய்துவிட்டான். பாட்டில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. கல்லூரிக்கு எதிரே இருந்த டீக்கடையில், "லே, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டால், "உனக்க இஷ்டம்" என்பான். சினிமாவுக்கா கடற்கரைக்கா என்றால், "உனக்க இஷ்டம்." ஒரு நாள் வேண்டுமென்றே பாகற்காய் ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். முகம் கோணாமல் குடித்துவிட்டு, "கொள்ளாம்" என்றான், நன்றாக இருக்கிறதாம். எனக்குத்தான் அன்று முழுக்க வாய் கசந்தது.

ஊரில் அவன் என்ன படிக்கிறான் என்பது பெரிய விஷயம். ஜாஸ் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் விளக்குவது யாருக்குமே கஷ்டம்தான். நான் எங்கள் வீட்டில் மூன்று மாதம் சண்டை போட்டேன். நெய்யாற்றின்கரை கோர்ட்டு முன்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் அப்பா, படித்து முடித்தால் என்ன ஆவாய் என்று கேட்டார். பாடகி ஆவேன் என்றேன். அதுதான் இப்போதே பாடுகிறாயே என்றார். அவன் வீட்டில் சண்டையே இல்லை. கேட்டவர்கள் எதை நினைத்துக்கொண்டு கேட்டார்களோ அதையே படிப்பதாகச் சொல்லிவிட்டான்.

இந்த வித்தை ஒரே ஒரு தடவை ஆபத்தில் மாட்டியது. தனுவச்சபுரத்தில் அவனுடைய சித்தப்பா மகள் கல்யாணம், நானும் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் அவனுடைய மாமாவும், ஒற்றசேகரமங்கலத்திலிருந்து வந்த மாமியும், போதகரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பையன் கப்பலில் பியானோ வாசிக்கப் போகிறான், சம்பளம் டாலரில் என்றார் மாமா. அது எப்படி, அவன் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் வேலைக்கல்லவா படிக்கிறான் என்றாள் மாமி. போதகர் மெதுவாக, படித்து முடித்துச் சுற்று வட்டாரத்துப் பாடகர் குழுக்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கப்போவதாகத் தம்பி தன்னிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து அவன் சாம்பார் வாளியோடு வந்து சேர்ந்தான். எதிர்ப் பந்தியில் இருந்த நான் கடிக்கப்போன அப்பளத்தை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

"எலே, நீ கப்பலுக்கா படிக்கிய, ஸ்கூலுக்கா?" என்றார் மாமா.

"மாமா, கப்பல்லயும் ஸ்கூல் உண்டு."

"அப்ப பென்ஷன் உண்டா மக்கா?" என்றாள் மாமி.

"உண்டு மாமி. சாம்பார் விடட்டா?"

போதகர் வாயைத் திறப்பதற்குள், "பாஸ்டர், ஞாயிறாழ்ச்ச கப்பல்ல ஆராதனையும் உண்டு" என்று சொல்லி அவர் இலையிலும் ஊற்றிவிட்டு நகர்ந்தான். மூன்று பேரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். அவன் அவர்கள் மூவரையும் ஏமாற்றினான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவரவர் சுருதிக்குப் பட்டனைத் தட்டினான், அவ்வளவுதான்.

வகுப்பில் ஆசிரியருக்கு இது பெரிய தலைவலி. அவர் ஷில்லாங் பக்கத்துக்காரர். அவரும் ஆலயப் பாட்டில் வளர்ந்தவர்தான், அதனால் அவனை ஓரளவுக்குப் புரிந்துகொண்டார். டேப் ஒட்டிய பிறகு அவன் பன்னிரண்டு சுருதிகளிலும் வாசிக்கப் படித்தான். விடிந்ததும் பயிற்சி அறையில் இருப்பான், சாப்பாட்டுக்கு ஆள் போய்த்தான் கூப்பிட வேண்டும். ஒரு வருடத்துக்குள் எந்தக் கட்டையிலும் அவன் விரல் தடுமாறுவதில்லை. ஆனால் ஜாஸில் ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் சேர்ந்து பாட்டை வாசித்த பிறகு ஒவ்வொருவராகத் தனியே எடுத்துக்கொண்டு, தங்களுக்குத் தோன்றியதை அந்த இடத்திலேயே கட்டி வாசிக்க வேண்டும். அவன் முறை வந்ததும் அவன் பணிவாகப் பின்வாங்கி, பேஸ் கிதார் வாசிப்பவனுக்குத் துணை வாசிக்க ஆரம்பித்துவிடுவான். பேஸ் கிதார்க்காரனும் அவனுக்குத் துணை வாசிப்பான். வாசல் கதவை நீ முதலில் போ, நீ முதலில் போ என்று பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு பேர் போல அது நீளும்.

பாட்டைத் தொடங்குவது அதைவிட மோசம். குழுவை நடத்துகிறவர் என்ன வேகம் என்று தீர்மானித்து, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று சொல்லித் தொடங்கி வைக்க வேண்டும். அவன் அந்த நான்கைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் பாடும்போது அவனுக்கு அந்தச் சிரமமும் இல்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டு இருப்பான். நான் மூச்சை இழுக்கும்போதே அவன் கை கட்டையில் விழும். எப்படித் தெரிகிறது என்று ஒரு நாள் கேட்டேன்.

"உனக்க மூச்சு பாத்தா போரும்" என்றான். "நீ மெதுவா பாடணும்ணு நெனச்சா மூச்சும் மெதுவாத்தான் வரும்."

எனக்கு அவனைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். இதை மறைப்பதற்கு இப்போது ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பயிற்சி அறையில் தனியே இருக்கும்போது அவன் ஒரு சின்ன மெட்டை வாசிப்பான். நாலே நாலு வரி. மெதுவாக ஏறி, ஏறிய இடத்திலேயே கொஞ்சம் தயங்கி நிற்கும். எந்தப் பாட்டிலும் நான் கேட்காதது. ஒவ்வொரு நாளும் வராந்தாவில் நடந்து வரும்போது அது காதில் விழும், அடுத்த வரிக்காக நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கதவைத் திறந்தால் போதும், நிறுத்திவிட்டு, "எது வாசிக்கணும்?" என்பான்.

"இப்ப வாசிச்சது என்னது?"

"ஒண்ணும் இல்ல மக்கா. சும்மா, கை."

"அஞ்சாவது வரி எங்க?"

"அதுக்கு அஞ்சாவது வரி இல்ல. நீ எடு, நான் வாசிக்கேன்."

கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரு கச்சேரி நடத்த வேண்டும். அதுதான் தேர்வு. சொந்தக் குழு, சொந்தமாகத் தேர்ந்தெடுத்த பாட்டுகள். தானே தொடங்க வேண்டும், தானே தனி வாசிக்க வேண்டும். அதில் தேறினால்தான் சான்றிதழ். என்னுடையது ஒரு மாதிரி முடிந்தது. பியானோ அவன்தான் வாசித்தான் என்பதால் அது முடியாமல் போக வழியே இல்லை. அவன் தேர்வுக்குப் பாடகி இருக்கக் கூடாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். டிரம்ஸ் வாசிக்கிற பையனையும் தனியே கூப்பிட்டு, நீ எண்ணிக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்திருந்தார்.

அந்தக் கச்சேரிக்கு அவனுடைய அம்மா ஊரிலிருந்து வந்தார். சண்டே ஸ்கூல் டீச்சர். நல்ல உயரம், அதற்கேற்ற குரல். சென்னைக்கு அதுதான் முதல் தடவை. மரச்சீனிக்கிழங்கு சிப்ஸ் நிறைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் அவன் பியானோ முன்னால் வந்து அமர்ந்தான். கைகளைக் கட்டைமேல் வைத்தான். டிரம்ஸ்காரனைப் பார்த்தான். டிரம்ஸ்காரன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். பேஸ் கிதார்க்காரன் தன் செருப்பைப் பார்த்தான். அவன் மறுபடியும் டிரம்ஸ்காரனைப் பார்த்தான்.

நான் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நான்கு எண், போதும். அரங்கில் யாரோ இருமினார்கள். அம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"என்னத்துக்கு மக்களே எல்லாரும் சும்மா இருக்காவ?"

"அவன் தொடங்கணும் அம்மா."

"அவன் எப்பிடித் தொடங்குவான்? பாட்டு எடுத்துக் குடுக்க ஆள் வேண்டாமா?"

நான் என்ன ஏது என்று சொல்வதற்குள் அவர் சிப்ஸ் பையை என் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டார். சென்னை நகரத்தில், ஜாஸ் தேர்வு நடக்கும் அரங்கில், தன் ஊர் சபையில் எடுப்பது போலவே ஒரு கீர்த்தனையை எடுத்தார். சுருதி எந்தக் கணக்கிலும் சேராத ஒரு சுருதி.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கடன்காரனிடமிருந்து தப்பியவன் போல அப்படி ஒரு நிம்மதி. முதல் சொல் முடிவதற்குள் அம்மாவைப் பிடித்துவிட்டான். பட்டன் இல்லை, வெறும் விரல்கள். டிரம்ஸ்காரன் வேறு வழி தெரியாமல் மெதுவாகச் சேர்ந்துகொண்டான். பேஸும் வந்தது. இரண்டாவது சரணத்தில் அம்மா வழக்கம்போல அரைச் சுருதி இறங்கினார், பியானோவும் தடம் தெரியாமல் இறங்கியது. அன்று அவன் அந்தக் கீர்த்தனைக்கடியில் வைத்த ஒத்திசைவுகளை நான் அதற்குப் பிறகு எந்தப் பெரிய கலைஞரிடமும் கேட்கவில்லை. என் கண் கலங்கிவிட்டது. அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. அம்மா உட்கார்ந்து பையை வாங்கிக்கொண்டு, "இனி அவன் பாத்துக்கிடுவான்" என்றார்.

அவன் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த பாட்டுக்கும் அம்மாவின் பக்கமே திரும்பிப் பார்த்தான். ஆசிரியர் எழுந்து, போதும் என்றார்.

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்திருந்தது. ஆனால் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மேடைக்குப் பின்னால் அவனிடம் பேசும்போது நானும் பக்கத்தில் நின்றேன். "உன் அம்மா இங்கே சேர்ந்திருந்தால் அவரை முதல் வகுப்பில் பாஸ் போட்டிருப்பேன். உன்னை எப்படிப் பாஸ் போடுவது? யார் பாடினாலும் அவர்களுக்கு உன்னைவிட நல்ல பியானோக்காரன் கிடைக்க மாட்டான். ஆனால் நீ எங்கே இருக்கிறாய்? அடுத்த பருவத்தில் வா. ஒரே ஒரு பாட்டு, நீ தொடங்கு. நான் கையெழுத்துப் போடுகிறேன்."

"ஆகட்டும் சார்" என்றான்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் நாங்கள் மூன்று பேரும் ஒரே பெட்டி. அம்மா சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"பாஸ் ஆயிட்டியா மக்களே?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "ஆயாச்சு அம்மா."

"நான் எடுத்துக் குடுக்கலண்ணா நீ இப்பவும் அங்கதான் இருந்திருப்ப."

"ஆமா அம்மா."

அம்மா அந்தப் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் சிப்ஸ் கொடுத்தார், மகன் பியானோவில் பாஸ் ஆன கதையோடு சேர்த்து. நான் அவனைக் கதவோரம் இழுத்துக்கொண்டு போனேன்.

"லே, எதுக்கு அப்பிடிச் சொன்ன? இனி நீ எப்பிடித் திரும்பிப் போவ?"

"அம்மைக்க மொகத்தப் பாத்தியா? நான் என்னத்தச் சொல்ல?"

"சொல்லிட்டுப் போய் ஒரு பாட்டு வாசி. அவ்வளவுதான்."

"சொல்லலாம். நேரம் வரட்டு."

"நேரம் வராது. நீதான் எடுக்கணும்."

"செரி மக்கா" என்றான். எனக்கு அவனை ரயிலிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது.

மறுபடியும் தேர்வுக்குப் போக வேண்டுமானால், தான் தேறவில்லை என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். ஏன் தேறவில்லை என்று அவர் கேட்பார். நீங்கள் பாடியதால் என்று சொல்ல வேண்டும். அதை அவன் எந்த ஜென்மத்தில் சொல்வான்? அடுத்த பருவம் வந்தது, போனது. ஆசிரியர் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் ஆகட்டும் சார் என்றான் என்று ஆசிரியரே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். அவன் தனுவச்சபுரம் போகும் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு வகுப்பு ஆரம்பித்தான். அவனிடம் சேரும் பிள்ளையின் கீபோர்டில் முதல் நாளே டிரான்ஸ்போஸ் பட்டன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவான். பிள்ளைகளுக்கு எது நல்லது என்பது அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

எனக்கு எர்ணாகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்தது. அப்பா கடைசியில் ஜாஸைப் பற்றி நல்லபடியாக நினைக்க ஆரம்பித்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பேக்கரிப் படியேறுவேன். ஒரு மாலை என்னைப் பஸ் ஏற்றிவிட அவன் கூட வந்தான். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"வீட்டுல எனக்குக் கல்யாண ஆலோசனை பாக்குதாவ."

"அப்பிடியா? ஆளு எப்பிடி?"

"நாகர்கோவில். இஞ்சினியர். வாற ஞாயிறாழ்ச்ச பாக்க வாறாவ."

"கொள்ளாம்."

"நீ என்ன சொல்லுத?"

அவன் என்னைப் பார்த்தான். தோளைத்தான் பார்த்தான், பழக்கதோஷம். நான் மூச்சு விடாமல் நின்றேன். நெய்யாற்றின்கரை பஸ் வளைவில் திரும்பி வருவது தெரிந்தது.

"உனக்க இஷ்டம் மக்கா" என்றான்.

ஏறிவிட்டேன். ஜன்னலோரம் இடம் இருந்தும் உள்ளே தள்ளி உட்கார்ந்தேன். அழுதேன், கொஞ்சம் திட்டினேன், அமரவிளையில் இறங்க வேண்டிய ஒரு பாட்டிக்குப் பையையும் இறக்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்த நாகர்கோவில்காரர், காபியை வாங்கியதும், எனக்குச் சம்மதம், உங்களுக்கு எப்படி என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். ஒரு மனிதர் தானாக ஒன்றைத் தொடங்கினால் எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சம்மதம் என்றேன். அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை, நல்ல மனிதர்.

கல்யாணத்துக்கு எங்கள் ஆலயத்தில் யார் வாசிப்பது என்ற கேள்வியே எழவில்லை. அவன்தான். முதல் நாள் வந்து ஒத்திகை பார்த்தான். பெண் வாசலில் வந்து நிற்கும்போது எல்லா இடத்திலும் வாசிக்கும் அந்த வழக்கமான கல்யாண மார்ச் இசையையே வாசிப்பது என்று முடிவாயிற்று. வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டியிருந்ததால், கீபோர்டு ஸ்டாண்டில் ஒரு மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் கட்டிக்கொண்டான். அதில் வாசல் முழுக்கத் தெரிந்தது.

மறுநாள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். சபை மொத்தமும் எழுந்து என்னைத் திரும்பிப் பார்த்தது. பீடத்தின் முன்னால் மாப்பிள்ளை. சத்தமே இல்லை. கண்ணாடியில் அவன் கண்கள் தெரிந்தன. அவன் வாசிப்பதற்காக நான் காத்திருந்தேன். நான் காலெடுத்து வைப்பதற்காக அவன் காத்திருந்தான். அப்பா என் கையை அழுத்தினார். ஒரு அடி வைத்திருந்தால் போதும், அவன் பின்னாலேயே வந்திருப்பான். அது எனக்கும் தெரியும். நான் வைக்கவில்லை. மூச்சைக்கூட இழுக்கவில்லை. என்னைப் பார்த்து வாசிக்க அவனுக்கு அன்று ஒன்றுமே கொடுக்கவில்லை.

சத்தம் ஓய்ந்த ஆலயம். எங்கள் பக்கத்து ஆலயங்களில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். இரண்டாவது வரிசையில் அவனுடைய அம்மா பையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுப்பதைப் பார்த்தேன். முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டார். தொண்டையைச் செருமினார். கண்ணாடியில் அவனும் அதைப் பார்த்தான்.

"அம்மா, ஒண்ணு இரிங்க" என்றான். போதகர் அணைக்க மறந்த மைக் அவன் பக்கத்தில்தான் இருந்தது. அது ஆலயம் முழுக்கக் கேட்டது. "இண்ணைக்கி நான் எடுக்கேன்."

அம்மா வாயைத் திறந்தபடியே உட்கார்ந்தார்.

அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கட்டைகளைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணினான். மைக்கில் அந்த நான்கையும் கேட்டேன். பிறகு வாசித்தான். மார்ச் இல்லை. வராந்தாவில் நின்று நான் கேட்ட அந்த மெட்டு, முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது, ஏறிய இடத்தில் தயங்கி நிற்கும் நான்காவது. அங்கே கொஞ்சம் நின்றான். பிறகு ஐந்தாவது வரி வந்தது. அதற்குப் பிறகு ஆறாவது வந்தது. இத்தனை காலம் எங்கே வைத்திருந்தானோ, வந்துகொண்டே இருந்தது. நான் அதன் பின்னால் நடந்தேன். அவன் நீட்டிய இடத்தில் மெதுவாகக் காலெடுத்து வைத்தேன், அவன் நின்ற இடத்தில் நின்றேன். கண் நிறைந்து எனக்கு வழி தெரியவில்லை, அப்பாதான் என்னைப் பிடித்துக் கொண்டுபோனார்.

பீடத்துக்கு வந்து நின்றதும் மாப்பிள்ளை என் காதோரம் குனிந்தார்.

"இது நாம சொன்ன பாட்டு இல்லையே?"

"இல்ல" என்றேன். "இது அவனுக்க இஷ்டம்."